பென்சிலுக்கு அனுமதி இல்லை

அத்தியாயம் 6

உலகத்தில் எவனாலும் உடைக்க முடியாத பூட்டின் விலை மாதம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் நாலாவது மாதம் இலவசம்.

பசை முதலாளி மேஜைமேல் தள்ளிய விளம்பரத் தாளில் அப்படித்தான் போட்டிருந்தது. கம்ப்யூட்டரில் இருக்கும் ரகசியத்தை யாருக்கும் புரியாத எழுத்தாக மாற்றிப் பூட்டிவிடுமாம். நான் ஜவுளிக்கடையில் பிறந்து வளர்ந்தவன். தள்ளுபடி என்ற வார்த்தையைக் கண்டால் துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்காமல் என் கை சும்மா இருக்காது. தாளையும் திருப்பினேன். பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் நிபந்தனைகள். படிக்க நேரமில்லாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"உடைக்கவே முடியாத பூட்டுக்கு எதுக்குக்கா தள்ளுபடி?"

"சும்மா இரு. அவர் பேசட்டும்" என்றார் அக்கா.

கூடப் பிறந்த அக்கா இல்லை, என் முதலாளி. இருபத்திரண்டு வருஷம் எடை அளவுத் துறையில் கடை கடையாக ஏறித் தராசுகளுக்கு முத்திரை குத்தியவர். மேலதிகாரியின் மச்சான் கடைத் தராசிலும் குறை கண்டுபிடித்தார். துறை அவருக்குக் கும்பிடு போட்டு அனுப்பிவைத்தது. மறு வாரமே துப்பறியும் ஆபீஸ் திறந்துவிட்டார். ஊரில் அவருக்குப் பெயர் தராசு. அவரோடு ஒட்டிக்கொண்டு போவதால் எனக்குப் பெயர் கொசுறு. சம்பளத்தைப் பார்த்தால் பெயர் வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை.

பசை முதலாளி கையைப் பிசைந்துகொண்டே பேசினார். அவர் தயாரிப்பது செருப்புப் பசை. நீல டியூப். ஒரே நிமிஷத்தில் ஒட்டும்.

"அஞ்சே பொருள்தாங்க. பேரெல்லாம் கடைத்தெருவுக்கே தெரியும். எது எவ்வளவுங்கறதுதான் ரகசியம். அதை ரெண்டு வருஷம் முன்னாடி கம்ப்யூட்டர்ல ஏத்தி இந்தப் பூட்டைப் போட்டேன். கடவுச்சொல் ரெண்டு பேருக்குத்தான் தெரியும். எனக்கும், பசை கலக்கற கலவையம்மாவுக்கும்."

"அவங்களுக்கு எதுக்குச் சொன்னீங்க?" என்றார் அக்கா.

"எனக்கு மறந்துரும்."

போன மாதம் போட்டிக் கம்பெனிக்காரர் சிவப்பு டியூபில் ஒரு பசை இறக்கினார். அதே நிறம், அதே நெடி, பாதி விலை. முதலாளி பூட்டுக் கம்பெனிக்கு ஓடினார். அவர்கள் பதிலை எழுதியே கொடுத்துவிட்டார்கள்: எங்கள் பூட்டை உடைக்க முடியாது, ஆகவே உள்ளே இருக்கிறவர்தான் சொல்லியிருக்க வேண்டும். உள்ளே இருப்பது இரண்டு பேர். முதலாளி தன்னை விசாரித்துப் பார்த்து விடுதலை செய்துவிட்டார். மிச்சம் கலவையம்மா.

"கடிதம் தயாரா இருக்கு" என்று மேஜை இழுப்பறையைத் தட்டினார். "'நான்தான் வித்தேன், வேலையை விடறேன், பணிக்கொடை வேண்டாம்.' சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டா கமுக்கமா போயிரலாம். இல்லேன்னா போலீஸ். அவ எவ்வளவு வாங்கினாள்னு மட்டும் நீங்க கண்டுபிடிச்சுக் குடுங்க."

"வாங்கினாங்களான்னு முதல்ல பார்ப்போம்" என்றார் அக்கா. அப்போது மணி பதினொன்று.

முதலாளி தலைக்குப் பின்னால் கம்பெனிக் காலண்டர் தொங்கியது. அருவியோ பூந்தோட்டமோ இருக்க வேண்டிய இடத்தில் தலையும் காலும் புரியாத எழுத்துகள், ஐந்தாறு வரி.

"என்னங்க அது, அச்சடிச்சவர் தூங்கிட்டாரா?"

"டிசைன்ங்க!" முதலாளிக்கு முகம் மலர்ந்தது. "ஐந்நூறு அடிச்சு வியாபாரிங்க எல்லாருக்கும் அனுப்பிச்சிருக்கேன். நீங்களும் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க."

இலவசமாகக் கொடுத்தால் எங்கள் குடும்பத்தில் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

என் இரண்டு செருப்பும் அன்று காலையிலிருந்தே அடி பிளந்து வாயைத் திறந்துகொண்டிருந்தன. வாசல் கடையில் சிவப்பு டியூப் ஒன்று வாங்கி வலது காலை ஒட்டினேன். துப்பறிந்த மாதிரியும் ஆச்சு, செருப்பு ஒட்டின மாதிரியும் ஆச்சு. முற்றத்தைத் தாண்டிக் கலவைக் கொட்டகைக்குப் போவதற்குள் அடிப்பகுதி கழன்று பட்டு பட்டென்று அடித்தது.

"யாருப்பா அது, கைதட்டிக்கிட்டே வர்றது?"

கேட்டவர் கலவையம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். முழங்கைவரை காய்ந்த பசை, இன்னொரு தோல் மாதிரி. துடுப்பு போன்ற ஒரு கட்டையால் டிரம்மைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"ரகசியத்தை வித்தது நீங்கதானா?" அக்காவுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"வித்த காசு இருந்தா இந்த நாத்தத்துல நான் ஏன்மா நிக்கறேன்? உங்களை உட்கார வைக்க ஒரு நாற்காலியாவது வாங்கிப் போட்டிருப்பேன்." கட்டையை விடாமலே என் காலைப் பார்த்தார். "தம்பி, அதைக் கழட்டு."

கழற்றிக் கொடுத்தேன். பிளந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். விரலில் வெள்ளையாகப் பொடி ஒட்டியது. முகர்ந்தார். கலக்குவதை நிறுத்தினார்.

"இது எங்க பேப்பர் பசை."

"புரியலையே."

"முதலாளி கம்ப்யூட்டர்ல அளவு ஏத்தறப்ப ரெண்டு வரியை மாத்திப் போட்டுட்டார். பிசினோட அளவு பொடிக்கு, பொடியோட அளவு பிசினுக்கு. பொடி கூடிப்போனா இப்படித்தான் வெள்ளை பூத்துக் கழண்டுக்கும்."

"அவர்கிட்டச் சொல்லலையா?"

"சொன்னேனே. 'நான் எழுதினது தப்பா இருக்குமா'ன்னார். சரி, பேப்பர் உங்களோடது, டிரம் என்னோடதுன்னு விட்டுட்டேன். டிரம்ல எப்பவும் சரியான அளவுதான். ரெண்டு வருஷமா ஒரு டியூப் திரும்பி வந்ததில்லை. அவரும் தன் பேப்பராலதான் ஓடுதுன்னு சந்தோஷமா இருக்கார்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "புரியுதா? இவங்க வித்திருந்தா கைக்குத் தெரிஞ்ச சரியான அளவு போயிருக்கும். போனது தப்பான அளவு. அது ஒரே இடத்துலதான் இருக்கு. பூட்டுக்குள்ள."

"தப்பானதை வித்து ரெண்டு முதலாளியையும் ஏமாத்தியிருந்தா?" என்றேன். எதிர்க்கட்சி வக்கீல் வேலையும் என் சம்பளத்தில் சேர்த்தி.

"அவ்வளவு மூளையைச் செலவு பண்ண இங்க சம்பளம் பத்தாது தம்பி" என்றார் கலவையம்மா. என் இடது செருப்பையும் வாங்கி, டிரம்மிலிருந்து ஒரு விரல் பசை எடுத்துத் தடவி அழுத்தினார். "இது எங்க பசை. சாயங்காலம் வந்து ரெண்டு காலையும் காட்டு." செருப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. "பதினேழு வருஷத்துப் பணிக்கொடை வரும்னு கணக்குப் போட்டுத்தான் பொண்ணு படிப்புக்குக் கடன் வாங்கியிருக்கேன். அதுகூடப் போகட்டும். திருடின்னு எழுதிக் குடுத்துட்டுப் போனா, நாளைக்கு எவன் என்னை நம்பி ஒரு டிரம்மைக் குடுப்பான்?"

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணிக்கு முன்னாடி எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. பேனாவைக்கூடத் தொடாதீங்க."

பூட்டுக் கம்பெனி இருந்தது ஐந்தாவது மாடியில். லிஃப்ட் வேலை செய்யவில்லை. வாசலில் கைரேகை வைத்தால் மட்டுமே திறக்கும் கதவு. அது சாத்திக்கொள்ளாமலிருக்க ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்திருந்தார்கள். உள்ளே கண்ணாடி அறை, குளிர்ந்த காற்று, நடுவில் ஒரு விற்பனை அதிகாரி. கழுத்தில் இருந்த டை அவரைவிட விறைப்பாக இருந்தது.

"இதை உடைக்க எத்தனை நாளாகும்?" என்றார் அக்கா.

"நாளா?" டை சிரித்தது. "உலகத்துல இருக்கற அத்தனை கம்ப்யூட்டரும் சேர்ந்து உட்கார்ந்தாலும் முப்பது கோடி வருஷம் ஆகும் மேடம்."

"யார் அளந்தது?"

"எங்க ஆளுங்கதான்."

"வெளியாள் யாராவது சோதிச்சுப் பார்த்திருக்காங்களா?"

"வெளியாள்கிட்டக் குடுத்தா பூட்டோட ரகசியம் போயிருமே!"

"பூட்டு எப்படி வேலை செய்யுதுன்னாவது சொல்லலாமா?"

"அதுவும் ரகசியம் மேடம். அதுதானே எங்க பலமே."

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ஒரு கடைக்காரர் இருந்தார். எடைக்கல்லைத் துணியில சுத்தியேதான் வெச்சிருப்பார். கேட்டா, தூசி படும்பார். ஒருநாள் துணியைப் பிரிச்சேன். கல்லோட அடியைக் குடைஞ்சு எடுத்திருந்தார். நல்ல எடைக்கல்லை நடுக்கடையில வெக்கலாம், யாரும் எடுத்துப் பார்க்கலாம். நல்ல பூட்டும் அப்படித்தான். எல்லாரும் பிரிச்சுப் பார்த்தப்புறமும் சாவி இல்லாம திறக்கக் கூடாது. சாவியை மறைச்சு வையுங்க, நியாயம். பூட்டையே மறைச்சீங்கன்னா எனக்குத் துணி ஞாபகம்தான் வருது."

டைக்கு வியர்த்தது. இருந்தாலும் விற்பனைக்காரர், விட்டுக்கொடுப்பாரா? "உடைக்கறவங்களுக்கு ஒரு கோடி பரிசு வெச்சிருக்கோம் மேடம். அஞ்சு வருஷமா ஒருத்தரும் வாங்கலை!"

நான் சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்து எறும்புகளை வாசித்தேன். "'போட்டி இதே அலுவலகத்தில், காலை பத்து மணியிலிருந்து பத்தே கால் வரை. கம்ப்யூட்டர், கைபேசி, காகிதம், பேனா, பென்சில் ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை.' பென்சில்கூடவா சார்?"

"நிபந்தனைன்னா நிபந்தனைதான்."

"மூச்சு விடலாமா?"

"அது... அதைப் பத்தி ஒண்ணும் போடலை."

அக்கா எழுந்து அவருடைய கம்ப்யூட்டர் பக்கம் போனார். "ஒண்ணே ஒண்ணு பூட்டிக் காட்டுங்க. வாங்கறதுன்னா பார்த்துத்தானே வாங்கணும்." டை ஆவலாகத் தலையாட்டியது. அக்கா 'அ' என்ற ஒரே எழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். திரையில் வரிசையாக நாற்பது 'அ'.

டை பூட்டும் பொத்தானைத் தட்டியது. பூட்டுப் படம் சுழன்றது. தங்கப் பொறி பறந்தது. எங்கிருந்தோ சங்கிலி இழுக்கிற சத்தம் வேறு. எல்லாம் அடங்கியதும் திரையில் வரிசையாக நாற்பது 'ஞ'.



"இவ்வளவு பட்டாசு வெடிச்சு, 'அ' போய் 'ஞ' வந்திருக்கு" என்றார் அக்கா.

"ஒரே எழுத்தைப் போட்டா அப்படித்தான் மேடம். இன்னிக்கு சர்வரும் கொஞ்சம்..." டை திரையை அணைத்தது.

அதற்குள் எனக்குக் கக்கத்தில் உறுத்தியது. காலண்டர். அதிலும் ஒரே எழுத்து பக்கத்தில் பக்கத்தில் வந்ததைப் பார்த்த ஞாபகம். அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து காலண்டரை விரித்தேன்.

ஐந்து வரி, பசையிலும் ஐந்து பொருள். ஒவ்வொரு வரியிலும் முதலில் ஒரு நீளக் குப்பை, அப்புறம் இடைவெளி விட்டு ஓரிரண்டு எழுத்து: மழ, டழ, ணம, ணழ, ம. கீழே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் தனியாக: ணழழ.

"அக்கா, எங்க கடையில ஒவ்வொரு துணி மூட்டையிலயும் கொள்முதல் விலையை எழுத்துல எழுதி வெச்சிருப்பாங்க. பத்து இலக்கத்துக்குப் பத்து எழுத்து. பேரம் படியறப்ப எதுவரைக்கும் இறங்கலாம்னு அப்பாவுக்குத் தெரியும், வாங்க வந்தவங்களுக்குத் தெரியாது. ஒன்பது வயசுல நான் அதைக் கண்டுபிடிச்சேன்."

"எப்படி?"

"விலையெல்லாம் பெரும்பாலும் பூஜ்யத்துலதான் முடியும். கடைசியில அடிக்கடி வர்ற எழுத்து பூஜ்யம். அத்தைக்குக் கொள்முதல் விலையைச் சொல்லிட்டேன். அத்தைக்குச் சேலை லாபம், எனக்கு முதுகு நஷ்டம்." காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்தேன். "இதைப் பாருங்க. கோட்டுக்குக் கீழ இருக்கறது கூட்டுத்தொகை. கலவைன்னா மொத்தம் நூறு பங்கு. அப்ப 'ண' ஒண்ணு, 'ழ' பூஜ்யம். ரெண்டு வரி 'ம'-வுல முடியுது, மத்தது எல்லாம் பூஜ்யத்துல. ரெண்டு 'ம'-வைக் கூட்டினா கடைசியில பூஜ்யம் வரணும். அப்ப 'ம' அஞ்சு. அம்பது, பதினஞ்சு, பத்து, அஞ்சு. எண்பது ஆச்சு. நூத்துக்குப் பாக்கி இருபது. 'ட' ரெண்டு."

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "முப்பது கோடி வருஷம்னாரே. நாலு நிமிஷம்கூட ஆகலை."

"பென்சில் வெச்சிருந்தேனே அக்கா. அது அழுகுணி ஆட்டம்."

நாங்கள் திரும்பி வந்தபோது ஐந்துக்குப் பத்து நிமிஷம் பாக்கி. மேஜைமேல் கடிதம். இந்தப் பக்கம் முதலாளி, அந்தப் பக்கம் கலவையம்மா. நடுவில் பேனா, யாரும் தொடாமல்.

நான் கடிதத்தைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் பென்சிலால் எழுதினேன்: 50, 20, 15, 10, 5.

முதலாளி குதித்து எழுந்தார். "பார்த்தீங்களா! பார்த்தீங்களா! உங்ககிட்டயும் சொல்லிட்டா! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? கூப்பிடறேன் போலீஸை!"

கலவையம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள்தான் காட்டிக்கொடுத்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்.

"உட்காருங்க" என்றார் அக்கா. "மூணாவது வரி எந்தப் பொருள்?"

"பொடி. பதினஞ்சு."

"நாலாவது?"

"பிசின். பத்து."

"கலவையம்மா, டிரம்ல எப்படி?"

"பிசின் பதினஞ்சு, பொடி பத்து" என்றார் அவர். "பேப்பர்ல இருக்கறது தலைகீழ். அன்னிக்கே சொன்னேன்."

"நான் எழுதினது தப்பா இருக்குமா?" என்றார் முதலாளி, ரெண்டு வருஷம் முன்னால் சொன்ன அதே சுருதியில்.

நான் இரண்டு செருப்பையும் கழற்றி மேஜைமேல் வைத்தேன். நாகரிகமில்லைதான், ஆனால் சாட்சி சாட்சிதானே. இடது கால் ஊரெல்லாம் சுற்றி, ஐந்து மாடி ஏறி இறங்கிய பிறகும் வாயைத் திறக்கவில்லை. வலது கால் பல்லை இளித்துக்கொண்டு வெள்ளைப் பொடி உதிர்த்தது. "இது அவங்க டிரம். இது உங்க பேப்பர், சிவப்பு டியூப் வழியா."

"அப்ப அவனுக்கு எப்படிப் போச்சு?"

அக்கா சிவப்பு டியூபில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தி என் பக்கம் நகர்த்தினார்.

"சார், உங்க பசை வாங்கினேன். முற்றத்தைத் தாண்டறதுக்குள்ள செருப்பு பிளந்துருச்சு."

"நீங்க இன்னிக்கு நாப்பத்தோராவது ஆள்!" போட்டிக்காரர் அழாத குறை. "என்னை ஏன்யா கேக்கறீங்க? அந்தக் காலண்டர்க்காரனைப் போய்க் கேளுங்க! ரகசியம்னு ஒரு புதிர் அடிச்சு அனுப்பினான். என் கணக்கர் பொருள் பேரோட எழுத்தை எண்ணிப் பொருத்தி, டீ ஆறறதுக்குள்ள போட்டுக் குடுத்துட்டார். அந்தப் பாவி தப்பான அளவை அச்சடிப்பான்னு யாருக்குத் தெரியும்? எட்டாயிரம் டியூப்!"

"திருடன்!" என்று கத்தினார் பசை முதலாளி.

"யாரது? நீயா? யாருய்யா திருடன்? தபால்ல அனுப்பினது நீ! தபால் செலவு கட்டினது நீ! படிக்காதேன்னு எழுதியிருந்தியா?"

அக்கா அழைப்பைத் துண்டித்தார். முதலாளி காலண்டரைப் பார்த்தார். ஐந்நூறு பிரதிகள் ஐந்நூறு சுவர்களில் தொங்குவது அவர் கண்ணில் ஓடியது.

"அந்த டை கட்டினவர்தான் சொன்னார்" என்றார் மெதுவாக. "'பயமே வேண்டாம் சார், நடுத்தெருவுல ஒட்டுங்க, ஒருத்தனாலயும் படிக்க முடியாது'ன்னு. நல்ல விளம்பரமா இருக்கும்னு..."

"பூட்டை நம்பினீங்க. பதினேழு வருஷம் கூட இருந்தவங்களை நம்பலை" என்றார் அக்கா.

மணி ஐந்து அடித்தது. கலவையம்மா கடிதத்தைக் கையில் எடுத்தார். முழங்கையிலிருந்த ஈரப் பசையை அதில் நிதானமாகத் துடைத்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"அளவை இனிமே எங்கயும் எழுத வேணாம். கம்ப்யூட்டர்ல இருக்கறதையும் அழிச்சுருங்க. இங்க இருக்கட்டும்." நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "இதுவும் பூட்டுதான். ரெண்டு வருஷமா ஒருத்தரும் உடைக்கலை. மாசம் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது, சம்பளத்துக்கு மேல."

முதலாளி விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். "மூணு மாசம் சேர்த்துக் கட்டினா?"

"மூணு மாசக் காசு ஆகும்."

கட்டினார். அங்கேயே, எண்ணி. கலவையம்மா வாங்கி மடித்துக்கொண்டு டிரம்மைப் பார்க்கப் போய்விட்டார். முதலாளி அவர் முதுகைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், தொண்டையைச் செருமினார், பிறகு காலண்டரைக் கழற்றுவதில் மும்முரமாகிவிட்டார்.

வண்டியில் உட்கார்ந்து கணக்கு எழுதினேன். எங்கள் கட்டணம், முழுதும் வரவு. சிவப்பு டியூப் விலை, பசை முதலாளியிடம் வாங்கி வரவு. வண்டிச் செலவு, பேரம் பேசி முக்கால்வாசி வரவு. பூட்டு உடைத்த பரிசு ஒரு கோடி, பென்சில் தொட்ட குற்றத்துக்காக இல்லை. வலது செருப்பு, கலவையம்மா தயவில் சரி.

நேர் செய்து கோடு போடப் போனபோது அக்கா என் கையிலிருந்து பென்சிலை வாங்கினார். கோட்டுக்கு இடம் விட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்து நோட்டை மூடாமலே மடியில் வைத்துக்கொண்டார்.

கலவையம்மாவுக்கு வர வேண்டிய மன்னிப்பு ஒன்று. பாக்கி.